எண்பத்து மூன்றாவது வால்

எங்கள் சென்னிவலசு நாய்கள் எண்பத்து மூன்றையும் கூண்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலையில் ஊரில் எண்பது பேருக்கு மேல் வாலோடு எழுந்தார்கள். இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. என் பேர் பொன்னுரங்கம், தொழில் தையல், கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே. அன்று ஏழு மணிக்குக் கடையைத் திறக்க வந்தபோது வாசலில் வரிசை நின்றது; ஆண்கள் லுங்கியைப் பின்பக்கம் ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டும், பெண்கள் முந்தானையை இடுப்பைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பல் வலிக்கு வைத்தியரிடம் வந்தவர்களைப்போல நின்றார்கள். மத்தியானத்துக்குள் எண்பத்தோரு வாலுக்கு நீளமும் சுற்றளவும் எடுத்து அளவு நோட்டில் எழுதிவிட்டேன்.

தலைமையாசிரியை அம்மாவுக்குச் செவலை வால், நுனியில் மட்டும் வெள்ளை. பேக்கரி மாதப்பனுக்கு ஒன்றரைச் சுற்றுச் சுருட்டை. கோயில் பூசாரிக்கு, பாவம், எப்போதோ பேருந்துச் சக்கரத்தில் பாதி போன மொட்டை வால். பத்துப் பேருக்கு அளவெடுத்து முடிப்பதற்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது, இவையெல்லாம் நேற்றுப் போன நம் நாய்களின் வால்கள் என்று. ஒரு நாய்க்குப் பத்துக் கை சோறு போட்டிருக்கலாம், ஆனால் வால் ஒருவருக்குத்தான் வந்தது, யாருக்கு என்பதை நாயே முடிவு செய்தது, அதில் மேல்முறையீடு கிடையாது. ஆறு வருடம் வேளை தவறாமல் தயிர்சோறு வைத்த கோகிலாவை விட்டுவிட்டு, காதுக்குப் பின்னால் இரண்டு தரம் சொறிந்துவிட்டதைத் தவிர ஒன்றும் செய்யாத அவள் வீட்டுக்காரருக்கு வால் போய்விட்டதால் அந்த வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை.

எனக்கு முளைக்கவில்லை. துணியில் முடி ஒட்டும் என்று கடைவாசலில் படுக்கிற நாயை இரும்பு அளவுகோலால் தட்டி விரட்டுகிறவனுக்கு எப்படி முளைக்கும்?

நாய்கள் போனது எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தவறு எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கும். எங்களூரில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. விடிந்ததிலிருந்து அடையும்வரை அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்றால் நாற்பது வயதுக்குள் பாதிக் காது போய்விடும், போனதை யாரும் ஒப்புக்கொள்வதும் இல்லை. மூக்குக்கண்ணாடி போடுவதற்கு வெட்கப்படாத சனம் காது கேட்காததற்கு வெட்கப்படும். ஆகவே எதிரே ஒரு ஆள் வாயை அசைத்தால் தலையாட்டிவிடுவது எங்கள் வழக்கம்; இப்படித் தலையாட்டியே பெண் கொடுத்தவர்கள் உண்டு, தலையாட்டியே வேண்டாத எருமையை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பேரூராட்சித் தலைவர் வையாபுரியை ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட, அவர் கோபத்தில் கூட்டிய ஊர்க்கூட்டம் தறிக்குடோன்களுக்கு நடுவில் இருக்கும் மண்டபத்தில் நடந்தது. அதிகாரி ஒரு தாளைப் பார்த்து எதையோ வாசித்தார், நிமிர்ந்து எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டார், ஊரே தலையாட்டியது. நாய்களைப் பிடித்துக்கொண்டு போகும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட பலமாகத் தலையாட்டியவள் மாராத்தாள்.

மாராத்தாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. புருசன் போய்ச் சேர்ந்து, ஒரே மகன் பூபதி கோயம்புத்தூரில் குடும்பத்தோடு இருக்க, இவள் இங்கே தனி வீட்டில் இருந்துகொண்டு நாலு தறி ஓட்டினாள். தனியாக என்று சொன்னால் தப்பு, கூட நாடா இருந்தது. தறியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாவைப்போலத் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருந்ததால் அந்தக் கறுப்பு நாய்க்கு அந்தப் பேர். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். நாடாவுக்கு வேலை இருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. வாசலில் கேஸ்காரர் கூப்பிட்டால் அது உள்ளே ஓடி மாராத்தாளின் சேலைக் கரையைப் பிடித்து இழுக்கும், குக்கர் விசிலடித்தால் அடுப்படிக்கும் அவளுக்கும் நடுவே ஓடும், மெயின்ரோட்டில் பின்னால் லாரி வந்தால் அவள் காலுக்குக் குறுக்கே நின்றுகொள்ளும். குறும்பு பிடித்த நாய் என்றுதான் நாங்கள் நினைத்தோம். மாராத்தாளின் இரண்டு காதும் நாடாதான் என்பது ஊருக்கும் தெரியாது, பெற்ற மகனுக்கும் தெரியாது.

அளவெடுக்கும்போது அவள் வால் மட்டும் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒல்லியாக, கறுப்பாக, இடதும் வலதுமாகத் தேடிக்கொண்டே இருந்தது. நான் அந்த நாயையே பிடித்து நிதானப்படுத்துவதாக நினைத்து அதை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்தேன். மாராத்தாள் அழுதாள். அழுதுகொண்டே, தன் வீட்டு நாயைப் பிடித்துக்கொண்டு போகத் தானே தலையாட்டிவிட்டதை என்னிடம் சொன்னாள். அதோடு, மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்ததால், தன் கைபேசியை நீட்டி, மகன் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டாள். 'கோயமுத்தூர் வந்துடறதுக்கு நேத்துப் போன்ல சரின்னு சொன்னது ரொம்பச் சந்தோசம்மா, ஞாயித்துக்கிழமை காலைல கார் கொண்டாரேன்' என்று இருந்தது. போனில் அவன் என்ன சொன்னாலும் நடுநடுவே 'ம்' கொட்டுவது அவள் வழக்கமாம். ஆறாவது மாடியில் வீடு, நாய்க்கு அனுமதியில்லை, ஒருமுறை போனால் திரும்பி வருவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் நாடா வராவிட்டால் தனியாக இருக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும், ஏனென்றால் அன்று காலைதான் ஒரு லாரி அவள் முழங்கையை உரசிக்கொண்டு போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் மூன்று நாள் இருந்தது.

ஊர் வாலுக்குப் பழகியது. முதல் நாள் சிலர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிப் பார்த்தார்கள். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று காலம்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் ஊர் தன் கையாலேயே சோதித்துப் பார்த்தது. இரண்டாம் நாள் நான் பேண்ட்டுக்குப் பின்தையலில் நாலங்குலத் திறப்பும் அதன்மேல் ஒரு மடிப்பும் வைக்கிற வெட்டைக் கண்டுபிடித்தேன். பேருந்து நடத்துநர் வாலைக் கதவிடுக்கில் விடாதீர்கள் என்று படிக்கட்டில் கூவ ஆரம்பித்தார். மாப்பிள்ளை பார்க்க வந்த பவானிக்காரர்கள் பையனுக்கு வால் இல்லையா என்று துருவிக் கேட்டு, இல்லை என்றதும், ஒரு நாய்கூட நம்பாத பையனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். வால் ஆட்டுவது மனிதனின் மனசா, எங்கோ இருக்கும் நாயின் மனசா என்று கேட்டதற்குப் பூசாரி இரண்டும் ஒன்றுதானே என்று சொல்லிவிட்டுத் தன் மொட்டை வாலைத் தடவிக்கொண்டார்.

ஆனால் ஒன்று, தலையாட்டும் காலம் முடிந்துபோனது. தலை சரி என்று மேலும் கீழும் ஆடும், வால் காலுக்கிடையில் போய் ஒளியும், எதிரே நிற்கிறவர் எதை நம்புவார்? மாமியார் சாம்பார் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் மருமகன் சுவரோரமாக நகர்ந்து நின்றார். தறிக்குடோன் முதலாளி உபரியாக ஒரு மணி நேரம் ஓட்டச் சம்மதமா என்று சைகையில் கேட்டபோது ஒன்பது தலை ஆடியது, ஏழு வால் சுருண்டது, அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு தறியை நிறுத்தினார். நாற்பது வருடமாக ஒருவருக்கொருவர் கேட்காமலேயே வாழ்ந்த ஊரில் அப்போதுதான் ஒருவர் மனசு இன்னொருவருக்குத் தெரிந்தது, நன்றாகவும் இருந்தது, தொந்தரவாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து வால்கள் தொங்க ஆரம்பித்தன. நாய்களை மலைக்கு அப்பால் ஒரு காப்பகத்தில் விட்டிருப்பதாகச் சொன்ன, நாய் பிடிக்கக் குத்தகை எடுத்திருந்த ஆள் இப்போது போனை எடுக்கவில்லை. தலைவர் வையாபுரி மட்டும் நாய்கள் சௌக்கியமாக இருக்கின்றன என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் அந்த வாரம் முழுவதும் நாற்காலியில் சாய்ந்தே உட்காரவில்லை என்பதை நான் கவனித்தேன், தையல்காரன் கண் அங்கேதான் போகும்.

சனிக்கிழமைச் சந்தையில் தக்காளிக் கடை முன்னால் குனிந்த மாராத்தாள் சட்டென்று நிமிர்ந்தாள். பிறகு தெற்கே திரும்பி நின்றாள். பிறகு வடமேற்கே திரும்பினாள். இப்படி அவள் நட்ட நடுச் சந்தையில் தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்துப் பாவம், தனியாக இருந்து இருந்து மனசு கலங்கிவிட்டது என்று நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள். அவள் விடவில்லை. மாதப்பனின் தோளைப் பிடித்து வடமேற்கே திருப்பினாள். முந்தின நாளிலிருந்து தொங்கிக் கிடந்த அவர் சுருட்டை வால் லேசாக அசைந்தது. தெற்கே திருப்பினாள், நின்றது. தலைமையாசிரியையைத் திருப்பினாள், பூசாரியைத் திருப்பினாள், அரைமணி நேரத்தில் சந்தையே சுற்றிச் சுற்றி நின்றது, கடைசியில் அத்தனை பேரும் கரட்டு மலையைப் பார்த்து நின்றார்கள், அத்தனை வாலும் ஆடியது. இருட்டிக்கொண்டு வந்ததால் காலையில் கிளம்புவது என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் பேருந்து நிறுத்தத்தில் கூடியது. மாதப்பன் மூன்று டிரே பன்னை மொபெட்டில் கட்டியிருந்தார். மாராத்தாள் தூக்குப்போசியில் தயிர்சோறு வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பூபதியின் கார் வந்து நின்றது. நல்ல பையன், அம்மா மேல் உயிர். இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கே அறை தயாராக இருப்பதையும், பேத்தி காத்திருப்பதையும், பெட்டியை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பவேண்டும் என்பதையும் அடுக்கினான். மாராத்தாள் அவன் உதட்டைப் பார்த்தாள். பழக்கம் யாரை விட்டது, தலை மெல்ல ஆடத் தொடங்கியது. பின்னால் கறுப்பு வால் இரண்டு காலுக்கும் இடையில் போய் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. ஊரே அதைப் பார்த்தது, பூபதியும் பார்த்தான்.

மாராத்தாள் ஆடிக்கொண்டிருந்த தலையை நிறுத்தினாள். அவ்வளவு பெரிய வேலையை எந்தத் தறியிலும் அவள் செய்ததில்லை.

"பூபதி, எனக்குக் காது கேக்கறதில்ல சாமி. பன்னெண்டு வருசமாச்சு. நீ போன்ல பேசுனது ஒண்ணும் எனக்குத் தெரியாது. நான் வரமாட்டேன். எங்க நாய் வேணும்."

பூபதிக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஏனுங்கம்மா இத்தன நாளா எங்கிட்டச் சொல்லுல?" என்று கேட்டான். அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் இந்தமுறை அவள் தலையாட்டாமல், காதைத் தொட்டுக் காட்டி, மறுபடி சொல் என்று கையால் கேட்டாள். அவன் இன்னொரு தரம் மெதுவாகச் சொன்னான், பிறகு போசியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைவர் வையாபுரி வந்தார். வேட்டியின் பின்பக்கம் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை, மடித்துக் கட்டினார், புலிவரி போட்ட தடித்த வால் ஒன்று வெளியே வந்து நின்றது. அது அவரைக் கடித்த நாயின் வால். நாலு வருடமாகத் தினம் சாயங்காலம் யாரும் பார்க்காதபோது பாதி பன்னை அதற்குப் போட்டுக்கொண்டிருந்ததாகவும், அன்று வண்டியிலிருந்து இறங்கும்போது கவனிக்காமல் வாலில் காலை வைத்துவிட்டதாகவும் சொன்னார்.

"மிதிச்சவன் நானுங்க. அது கடிச்சதுல ஒரு தப்புமில்லீங்க."

நான் நோட்டை எடுத்து எண்பத்து இரண்டு என்று திருத்தினேன். நாய்கள் எண்பத்து மூன்று. ஒன்று எங்கோ உதைத்தது.

நடந்தோம். கரட்டு மலைக்கு ஒன்பது கிலோமீட்டர். பாதை பிரிகிற இடத்தில் எல்லாம் வாலுள்ளவர்கள் வட்டமாக நின்று ஒருமுறை சுற்றினார்கள், எந்தப் பக்கம் திரும்பும்போது வால்கள் வேகமாக ஆடினவோ அந்தப் பக்கம் ஊர் போனது. ஏகமனது என்றால் என்ன என்பதை அன்றைக்குத்தான் நான் கண்ணால் பார்த்தேன். சோளக்காட்டைத் தாண்டி, வறண்ட ஓடையைத் தாண்டி, கல் உடைத்து முடித்து எப்போதோ கைவிட்ட குழியின் விளிம்புக்கு ஏறும்போது ஆட்டம் தாங்காமல் பூசாரி ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார், தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், முன்னால் போன மாராத்தாள் ஓடத் தொடங்கிவிட்டாள்.

காப்பகம் ஒன்றும் இல்லை. மூன்று பக்கம் செங்குத்துப் பாறை, ஒரு பக்கம் பூட்டிய இரும்புக் கதவு, நடுவில் மழைத்தண்ணீர். அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு விலா எலும்பு தெரிய நின்றன எங்கள் நாய்கள், வால் இருந்த இடம் கோழிமுட்டையைப்போல வழவழவென்று இருக்க. தலைவர் பெரிய கல்லை எடுத்துப் பூட்டின்மேல் போட்டார், மூன்றாவது போடில் அது உடைந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்ல என்னால் ஆகாது. ஆட்டுவதற்கு வால் இல்லாததால் நாய்கள் இடுப்போடு, முதுகோடு, காதோடு, மொத்த உடம்பையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தன, மனிதர்கள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடினார்கள், கோகிலாவின் வீட்டுக்காரர் தன் நாயைத் தூக்கி மனைவியின் கையில் கொடுத்தார், வையாபுரி தரையில் உட்கார்ந்து தன் கெண்டைக்காலை நீட்ட, அந்தப் புலிவரி நாய் தான் கடித்த தழும்பை நக்கியது. நாடா தெருவில் ஓடுவதுபோல மாராத்தாளுக்கும் கதவுக்கும் நடுவே ஏழெட்டுத் தரம் ஓடிவிட்டு, அவள் சேலைக் கரையைப் பிடித்து இழுத்தது. அவள் திரும்பினாள். பின்னால் பூபதி அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட்டது கேட்டுவிட்டது என்று அவனுக்குக் கையை ஆட்டிக் காட்டினாள், அவன் குழந்தையைப்போல விம்மி அழுதான்.

வால் எப்போது இடம் மாறியது என்று யாரும் பார்க்கவில்லை. பன் தீர்ந்துபோனபோது எல்லாம் நாய்களிடம் இருந்தன. மனிதர்களுக்கு என் திறப்பு வைத்த பேண்ட்டுகள் மட்டும் மிஞ்சின.

அடுத்த மாதம் அதே மண்டபத்தில், சுற்றிலும் தறி ஓட, அதே அதிகாரி நாய்களுக்கு ஊசி போடுவதைப் பற்றி ஒரு தாளை வாசித்தார். வாசித்து முடித்து நிமிர்ந்தபோது முன்வரிசையில் மாராத்தாள் எழுந்து நின்றாள், அவள் காலடியில் நாடாவும் எழுந்தது. "எனக்குக் கேக்கலீங்க, மறுக்காச் சொல்லுங்க" என்றாள். மாதப்பன் எழுந்து எனக்கும் கேக்கலீங்க என்றார். பிறகு தலைமையாசிரியை, பூசாரி, கோகிலா, தலைவர் வையாபுரியே கூட. அதிகாரி அன்று அந்தத் தாளை ஐந்து தரம் வாசித்தார், ஐந்தாவது தரத்துக்கு முன்னால் யாரோ போய்த் தறிகளை நிறுத்திவிட்டு வந்தார்கள். ஊர் முழுவதும் ஒரு சேதியைக் காதால் கேட்டு, யோசித்துச் சரி என்று சொன்னது என் ஆயுளில் அது முதல் தடவை. பூபதி இப்போது போனில் பேசுவதில்லை, எழுதி அனுப்புகிறான், மாதம் இரண்டு ஞாயிறு வந்து போகிறான்.

என் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று கல்லுக்குழியில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது தூரத்துப் பாறையடியில் மண் நிறத்தில் ஒரு நாய் தனியாக நின்றது. எண்பத்து மூன்றில் அதற்கு மட்டும் வால் இருந்தது. கொடுப்பதற்கு ஆள் இல்லாததால் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அதை அடையாளம் தெரிந்தது. தினம் என் கடைவாசலில் வெட்டுத்துணிகளின்மேல் படுத்து, தினம் என் அளவுகோலில் அடி வாங்கிய நாய். யாரும் அதைக் கூப்பிடவில்லை, எனக்கும் கூப்பிட ஒரு பேர் தெரியவில்லை. ஒன்பது கிலோமீட்டரும் எங்களுக்குப் பின்னால் ஒரு கல்லெறி தூரத்தில் நடந்து வந்தது.

மறுநாள் காலை கடையைத் திறந்தேன். பழைய இடத்தில் படுத்திருந்தது, என்னைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்து ஓடத் தயாரானது. நான் அளவுகோலைத் தையல் எந்திரத்துக்குப் பின்னால் போட்டுவிட்டு, வெட்கமாக இருந்தாலும் படிக்கட்டில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, டீக்கடையில் வாங்கி வந்த பன்னைப் பாதியாகப் பிய்த்து வைத்தேன். வெகுநேரம் பார்த்தது. பிறகு சாப்பிட்டது. சாப்பிட்டு முடித்துவிட்டு என் மடியில் தலையை வைத்தது, வால் தரையில் ஒரு தரம் தட்டியது, பிறகு நிற்கவே இல்லை. நான் அளவு நோட்டை எடுத்து, நீளம் பதினொன்றரை அங்குலம், எண்பத்து மூன்று என்று எழுதி, பேர் எழுதவேண்டிய இடத்தில் என் பேரை எழுதினேன்.